விரால் மீனுக்கு ஒரு சுழல் தூண்டில்
வீட்டிலேயே செய்யும் முறையும், ஊராட்சிகள் கவனிக்க வேண்டியவையும்

சென்ற மழைக்காலம் முடிந்தபின் நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சியில் கிராம சபை கூடியது. வரவு செலவுக் கணக்கும் குடிநீர்க் குழாய் விஷயமும் முடிந்த பிறகு ஒரு வழக்கு எழுந்தது. ஊர் ஏரியின் மீன்பாசிக் குத்தகையை எடுத்திருந்த பெரியவர், “பொழுது விடிந்தால் பிள்ளைகள் தூண்டிற்கோலும் கையுமாகக் கரையில் நிற்கிறார்கள். நான் கட்டிய பணத்திற்கு யார் பொறுப்பு?” என்று கேட்டார். இளைஞர் ஒருவர் எழுந்து, “பெரியப்பா, நீங்கள் விட்ட கெண்டையை நாங்கள் தொடவில்லை. விராலைத்தான் பிடிக்கிறோம். உங்கள் கெண்டைக் குஞ்சுகளைத் தின்பதே அந்த விரால்தானே?” என்றார். சபையில் சிரிப்பு எழுந்தது. ஆனால் இரு தரப்பிலும் நியாயம் இருந்ததை யாவரும் உணர்ந்தனர்.

சபை கலைந்தபின் அவ்விளைஞர்கள் பயன்படுத்தும் தூண்டிலைப் பார்க்க விரும்பினோம். வெளிநாட்டு முறையைப் பார்த்துத் தாமே செய்த கருவி அது. முள்ளின் தலையில் ஒரு குண்டு. அதன் அடியில் தொங்கிச் சுழலும் ஒரு பித்தளைத் தகடு. வேலைப்பாடு மெச்சத்தக்கதாகவே இருந்தது. ஆனால் அந்தக் குண்டை வார்த்த இடத்தைக் கண்டபோது நம் மனம் திடுக்குற்றது. பழைய மின்கலத்தை உடைத்தெடுத்த தகடுகளை வீட்டின் பின்கட்டில், தாளிக்கும் கரண்டியிலேயே உருக்கியிருந்தனர். இரண்டடி தூரத்தில் ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் காட்சியே. இத்தூண்டிலைத் தீங்கின்றிச் செய்ய முடியும்; ஏரிக்கும் குத்தகைதாரருக்கும் கேடின்றிப் பயன்படுத்தவும் முடியும். அவ்விரண்டையும் இங்கு முறையாக விளக்குவோம்.

விராலின் இயல்பு

எந்த மீனைப் பிடிக்க விரும்புகிறோமோ, முதலில் அதன் இயல்பை அறிதல் வேண்டும். விரால் பிற உயிர்களைத் தின்று வாழும் மீன். சிறு மீன், தவளை, இறால், பூச்சி முதலியவை அதன் உணவு. அது இரையைத் துரத்தித் திரிவதைவிட, கோரைப்புல், தாமரை இலை, ஆகாயத்தாமரை ஆகியவற்றின் நிழலில் அசையாது பதுங்கியிருந்து, அருகில் வந்ததும் பாய்ந்து கவ்வும் வழக்கமுடையது.

செவுள்களோடு காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பும் அதன் தலையில் உண்டு. ஆகையால் அது அவ்வப்போது நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்கிச் செல்கிறது. ஏரி வற்றும்போது சேற்றில் புதைந்து சில காலம் உயிரோடிருப்பதும், ஈரம் இருந்தால் தரையிலும் நெடுநேரம் சாகாதிருப்பதும் இதனாலேயே. சந்தையில் விரால் உயிரோடு விற்கப்படுவதற்கும், அதனால் நல்ல விலை பெறுவதற்கும் காரணம் இதுவே.

மீன்களின் உடலின் இரு பக்கங்களிலும் பக்கக்கோடு என்னும் உணர்வு உறுப்பு உண்டு. நீரில் எழும் சிறு அதிர்வையும் மீன் அதனால் அறியும். கலங்கிய நீரில் கண் பயன்படாதபோதும், அருகில் ஒரு சிறு மீன் வாலடித்தால் விரால் உணர்ந்துவிடுகிறது. சுழல் தூண்டிலின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. சுழலும் தகடு, அஞ்சி ஓடும் சிறு மீனின் பளபளப்பையும் அதிர்வையும் ஒருங்கே எழுப்பி விராலை ஏமாற்றுகிறது.

கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டை வகைகள் நுண்ணுயிர்களையும் தாவரங்களையும் மட்கிய பொருள்களையும் தின்பவை. அவை இத்தூண்டிலைப் பெரும்பாலும் நாடா. வீச்சு வலையோ இழுவலையோ எல்லா மீன்களையும் வாரிவிடும்; இத்தூண்டிலோ இரைதின்னி மீன்களையே தேர்ந்து பிடிக்கும். கிராம சபையில் அந்த இளைஞர் கூறியதில் உண்மை இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

இத்தூண்டில் வந்த வழி

அமெரிக்க நாட்டில் ‘பாஸ்’ என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது பெரும் பொழுதுபோக்கு. நம் விராலுக்கும் அதற்கும் உறவு இல்லை. எனினும் இயல்பு ஒன்றே. அதுவும் நீர்ச்செடிகளின் மறைவில் பதுங்கிப் பாய்வது. அதைப் பிடிக்க உயிருள்ள இரைக்குப் பதிலாக உலோகத்தாலும் இறகாலும் செய்த பொய் இரைகளை அங்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். உலோகத் தகட்டாலான தூண்டில் ஒன்றிற்கு ஜூலியோ பியூல் என்னும் அமெரிக்கர் 1852-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வந்தவற்றுள் ஒன்றே ‘அண்டர்ஸ்பின் ஜிக்’. எடையுள்ள தலையோடு கூடிய முள் ‘ஜிக்’ எனப்படும். அதன் அடியில் ஒரு தகடு சுழல்வதால் ‘அண்டர்ஸ்பின்’ என்று பெயர் வந்தது. நாம் இதனைச் சுழல் தூண்டில் என்றே வழங்குவோம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. முறையை இறக்குமதி செய்யலாம். மீனை இறக்குமதி செய்யலாகாது. ஜப்பானில் 1925-ஆம் ஆண்டு ஆஷி ஏரியில் பாஸ் மீனைக் கொண்டுவந்து விட்டனர். அது நாளடைவில் நாடெங்கும் பரவி, அந்நாட்டு மீன்களுக்கே எமனாயிற்று. 2005-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அம்மீனை வளர்ப்பதையும், உயிரோடு கொண்டு செல்வதையும், நீரில் விடுவதையும் ஜப்பானிய அரசு தடை செய்ய நேர்ந்தது. நமக்கும் இந்த அனுபவம் புதிதன்று. 1952-ஆம் ஆண்டு நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, ‘ஜிலேபி’ என்ற பெயரில் இன்று எந்தக் குளத்தில் வலை போட்டாலும் வருகிறது. அரசு தடை செய்துள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியின் கேடும் பலர் அறிந்ததே. ஆசைக்காகவோ விளையாட்டிற்காகவோ அயல்நாட்டு மீனை ஊர் ஏரியில் விட முனைவோரை ஊராட்சி தடுத்தல் வேண்டும்.

காரீயம் வேண்டா

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இருவேறு உலோகங்களைக் குறிப்பதால் மயக்கம் ஏற்படுகிறது. பாத்திரத்திற்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்வதும் வெள்ளீயம். தூண்டிற்குண்டு, மின்கலத் தகடு முதலியவற்றில் இருப்பது காரீயம். முன்னதைப் பாட்டி காலம் முதல் சமையலறையில் கண்டு பழகியதால், பின்னதையும் தீங்கற்றது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். காரீயம் கொடிய நஞ்சு.

காரீயம் 327 டிகிரி வெப்பத்தில் உருகும். விறகடுப்பே அதற்குப் போதும். எளிதில் உருகுவதே அதன் ஆபத்து. உருக்கும்போது மேலே படியும் சாம்பல் போன்ற கசடு தூளாகிக் கைகளிலும், துணியிலும், தரையிலும் ஒட்டுகிறது. மிகச் சூடேறினால் புகையாகவும் எழுகிறது. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். நஞ்சு உடலில் சேரும். பசியின்மை, வயிற்று வலி, இரத்தச் சோகை ஆகியவை இதனால் தோன்றக்கூடும். இவற்றினும் கொடியது, வெளியில் யாதொரு குறியும் தெரியாமலேயே குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றிப் படிப்பில் பின்தங்குவது. இரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு ஏதும் கண்டறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று.

மின்கலத் தகட்டில் காரீயத்தோடு கந்தக அமிலமும் ஊறியிருக்கும். அதனை வீட்டில் உடைப்பதே தவறு. மேலும் உருகிய உலோகத்தில் ஒரு துளி நீர் பட்டாலும், அது நொடியில் ஆவியாகி விரிந்து உலோகத்தை முகத்தில் வாரியடிக்கும். ஈரமான அச்சில் ஊற்றினாலும் இதுவே நேரும்.

ஏரிக்கும் இது கேடு. இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் நீரடியில் கிடந்த சிறு காரீயக் குண்டுகளை விழுங்கி இறந்ததால், 1987-ஆம் ஆண்டு முதல் 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான காரீயத் தூண்டிற்குண்டுகள் அங்குத் தடை செய்யப்பட்டன. நம் ஏரிகளிலும் வாத்தும் நாரையும் இரை தேடுகின்றன. செடியில் சிக்கி அறுந்துபோகும் ஒவ்வொரு தூண்டிலும் நீரடியில்தான் தங்கும் என்பதை மறத்தலாகாது.

ஆதலால் நாம் இங்கே கூறும் முறையில் காரீயமும் இல்லை, உருக்குதலும் இல்லை. காரீயம் கலவாத பற்றாசுக் கம்பியைச் சுற்றியே எடை சேர்க்கிறோம். இதில் பெரும்பகுதி வெள்ளீயமே. வாங்கும்போது காரீயம் கலவாதது என்று உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குதல் அவசியம். வானொலிப் பெட்டி பழுது பார்ப்போர் வழக்கமாகப் பயன்படுத்தி வந்த பற்றாசில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு காரீயம் உண்டு, அது உதவாது.

வேண்டிய பொருள்கள்

ஒரு தூண்டிலுக்கு வேண்டியவை வருமாறு:

நீண்ட காலும் உறுதியும் உடைய 2/0 அல்லது 3/0 எண் தூண்டில் முள் 1.
துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, 0.8 மி.மீ. கனம், 15 செ.மீ. நீளம்.
காரீயம் கலவாத பற்றாசுக் கம்பி, 2 மி.மீ. கனம், 30 செ.மீ. நீளம். இது ஏறத்தாழ 7 கிராம் எடை தரும்.
மெல்லிய பித்தளைத் தகடு, 0.5 மி.மீ. கனம்.
சுழல் வளையம் 1. கடைகளில் ‘சுவிவல்’ என்று கேட்டால் கிடைக்கும்.
சாவிக்கொத்து வளையத்தைப் போன்ற மிகச் சிறிய இரட்டை வளையம் 1.
உறுதியான தையல் நூல், சேவலின் கழுத்திறகு, இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் ஒட்டுப்பசை.

கருவிகள்: மூக்குக் குறடு, தகடு வெட்டும் கத்திரி, சிறு அரம், சுத்தி, ஆணி, ஒரு மரக்கட்டை. கம்பி வெட்டும்போது துண்டு கண்ணில் தெறிக்கக்கூடும். ஆகையால் கண்ணாடி அணிவது நலம்.

செய்முறை

முதலாவது, தகடு. மூங்கில் இலையின் வடிவில் 3 செ.மீ. நீளமும் 1 செ.மீ. அகலமும் உள்ள உருவைத் தாளில் வரைந்து, நடுவே மடித்து வெட்டினால் இருபுறமும் ஒத்து வரும். அதனைத் தகட்டின் மேல் ஒட்டி வெட்டுக. விளிம்புகளை அரத்தால் நன்கு தேய்த்து மழுக்குக. இல்லையேல் கையையும் நூலையும் அறுக்கும். மரக்கட்டையில் கரண்டி வாயைப்போல் ஆழமற்ற ஒரு குழி செதுக்கி, அதில் தகட்டை வைத்து மெல்லத் தட்டினால் தகடு குழிந்து வரும். ஒரு முனையில், நேர் நடுவில், ஆணியால் துளையிட்டுப் பிசிரை அராவுக. துளை ஒரு பக்கம் ஒதுங்கினால் தகடு சரியாகச் சுழலாது.

இலை வடிவத் தகடு ஒடுங்கி விரைவாகச் சுழன்று பளபளப்பை மிகுதியாகத் தரும்; தெளிந்த நீருக்கு ஏற்றது. வட்டத்தை ஒட்டிய தகடு அகன்று மெதுவாகச் சுழன்று அதிர்வை மிகுதியாகத் தரும். கலங்கிய நீருக்கு ஏற்றது. இரண்டிலும் ஒவ்வொன்று செய்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கம்பிச் சட்டம். எஃகுக் கம்பியின் ஒரு முனையை ஆணியைச் சுற்றி வளைத்து ஒரு கண் செய்து, குட்டை முனையை நெட்டை முனையின்மேல் 3 முறை முறுக்கி, மிச்சத்தை வெட்டிவிடுக. நூல் கட்டப்படுவது இந்தக் கண்ணில்தான். இனி முள்ளின் நுனி மேல்நோக்கி இருக்குமாறு முள்ளைப் பிடித்துக்கொண்டு, கம்பியின் நெட்டை முனையை முள்ளின் துளை வழியே மேலிருந்து கீழே செலுத்துக. மேற்கண் முள்ளின் துளைக்கு மேல் 1 செ.மீ. உயரத்தில் நிற்கட்டும். துளைக்குப் பின்னால் முள்ளின் காலைக் கம்பியால் ஒரு சுற்று இறுகச் சுற்றி, மீண்டும் கீழ்நோக்கி வளைத்து, 2 செ.மீ. இறக்கத்தில் கீழ்க்கண் ஒன்றைச் செய்க. அந்தக் கண்ணை முறுக்கி மூடுவதற்கு முன்பே சுழல் வளையத்தை அதில் கோத்துவிட வேண்டும். மறந்தால் கம்பியை அறுத்து மறுபடி தொடங்க நேரும்.

கம்பி முள்ளின் துளை வழியே செல்வதால், மீன் இழுக்கும் பாரம் முழுவதையும் முள்ளும் எஃகுக் கம்பியுமே தாங்குகின்றன. நூற்கட்டோ பசையோ அதனைத் தாங்க வேண்டியதில்லை. இம்முறையின் உறுதிக்கு இதுவே காரணம்.

மூன்றாவது, எடை. கம்பிச் சுற்றுக்குப் பின்னால் முள்ளின் காலில் நூலை நெருக்கமாகச் சுற்றிச் சிறிது பசை தடவுக. அதன்மேல் பற்றாசுக் கம்பியை, ஒன்றரை செ.மீ. நீளத்திற்குள் அடங்குமாறு, இரண்டு மூன்று அடுக்காகச் சுற்றுக. முனையைக் குறட்டால் அழுத்திப் படியச் செய்க. எடை முள்ளின் தலைப்பக்கமே இருக்க வேண்டும். வளைவுப் பக்கம் சென்றால் தூண்டில் வால் தாழ்ந்து நீந்தும். நூல் கட்டும் கண் எடைக்கு மேலே நிற்பதாலும், தகடு கீழே தொங்குவதாலும், முள்ளின் நுனி எப்பொழுதும் மேல்நோக்கியே இருக்கும். ஆகவே அடிச்சேற்றிலும் வேரிலும் சிக்குவது குறையும்.

நான்காவது, உடல். சேவலின் கழுத்திறகுகள் ஆறு அல்லது எட்டினை எடைக்குப் பின்னால், நுனிகள் முள்ளின் வளைவுப் பக்கம் நோக்கும்படி, நூலால் சுற்றிக் கட்டுக. இறகு முள்ளின் காலை மறைக்கலாம். நுனியை மறைக்கக் கூடாது. நூற்சுற்று முழுவதன்மேலும் ஒட்டுப்பசை பூசி, ஒரு நாள் முழுதும் உலரவிடுக. இப்பசையைக் காற்றோட்டமான இடத்தில், கையில் படாமல் பயன்படுத்துவது நலம்.

ஐந்தாவதாக, தகட்டின் துளையில் இரட்டை வளையத்தைக் கோத்து, அதனைச் சுழல் வளையத்தில் மாட்டுக. தகட்டின் கடைமுனை முள்ளின் வளைவைத் தாண்டி நீளலாகாது. முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு செதிலைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிடுவது நல்லது. விட வேண்டிய மீனை எளிதில் விடலாம்; கையில் தைத்தாலும் எளிதில் எடுக்கலாம்.

சோதித்தல்

செய்தவுடன் ஏரிக்கு ஓடவேண்டியதில்லை. மாட்டுத் தொட்டி அல்லது வாய்க்காலில், தெளிந்த நீரில், இரண்டு முழம் தூரம் சீராக இழுத்துப் பாருங்கள். குறை எதுவாயினும் அங்கேயே தெரிந்துவிடும்.

தகடு சுழலவே இல்லையானால், துளை நடுவில் இல்லை, அல்லது குழிவு போதவில்லை, அல்லது சுழல் வளையத்தில் பசை புகுந்து இறுகியிருக்கிறது என்று அறியலாம். தகடு உடலில் தட்டினால், கீழ்க்கம்பி குட்டையாக உள்ளது. தூண்டில் குப்புறக் கவிழ்ந்தால், மேற்கண் ஒரு பக்கம் சாய்ந்துள்ளது, குறட்டால் நேராக்குக. மிகுந்த வேகத்தில் மட்டுமே தகடு சுழன்றால், அது கனத்த தகடு, மெல்லியதாக மாற்றுக. மெதுவாக இழுக்கும்போதே சுழல்வதுதான் நல்ல தூண்டிலின் அடையாளம்.

ஏரியில் பயன்படுத்தும் முறை

ஆறு அல்லது ஏழடி நீளமுள்ள தூண்டிற்கோலும், நூல் சுற்றும் ரீலும் இதற்கு ஏற்றவை. செடிகள் மிகுந்த இடமாதலால், 15 கிலோ வரை தாங்கும் பின்னல் நூல் வேண்டும். மெல்லிய நூல் அறுந்தால், முள்ளும் தகடும் வாயில் தைத்தபடியே மீன் அலைந்து துன்புறும்.

காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்ந்த நேரமே தக்கது. கரைக்கு வந்ததும் வீசத் தொடங்காமல் சிறிது நேரம் நின்று நோக்குக. விரால் காற்று விழுங்க மேலே வரும்போது நீரில் வளையம் எழும். அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு இரண்டு மூன்று முழம் அப்பால் வீசி, செடியின் ஓரமாகச் சீராக இழுத்து வருக. தலைக்கு நேரே வீசினால் மீன் கலைந்து ஓடும்.

தூண்டில் நீரில் விழுந்ததும், நினைத்த ஆழத்திற்கு இறங்க ஓரிரு நொடி விடுக. பிறகு தகடு சுழலும் அளவிற்கு மட்டும் மெதுவாக இழுக்க வேண்டும். தகடு சுழல்வது கோலின் நுனியில் மெல்லிய நடுக்கமாகத் தெரியும். நடுக்கம் நின்றால் புல் சிக்கியது என்று பொருள். எடுத்துத் துடைத்துவிட்டு மீண்டும் வீசுக. இடையிடையே ஒரு கணம் நிறுத்தித் தாழவிட்டு மீண்டும் இழுத்தால், களைத்த சிறு மீன் போலத் தோன்றும். விரால் கரை வரை பின்தொடர்ந்து வந்து, கடைசி முழத்தில் கவ்வுவதும் உண்டு. ஆகையால் கரையை நெருங்கியதும் அவசரப்பட்டு வெளியே தூக்கலாகாது.

கவ்வியதும் கோலை உறுதியாக இழுத்து, மீன் செடிக்குள் புகாதபடி தொடர்ந்து சுற்றிக் கரை சேர்க்க வேண்டும். விராலுக்குக் கூரிய பற்கள் உண்டு. முள்ளை விரலால் எடுக்காமல் குறட்டால் எடுக்க வேண்டும். ஈரத் துணியிலோ சிறிது நீருள்ள பானையிலோ வைத்தால் சந்தை வரை உயிரோடிருக்கும். விரால் நன்றாகத் துள்ளும். பானையின் வாயைக் காற்றுப் புகும்படி மூடுதல் வேண்டும். 30 செ.மீ. நீளத்திற்குக் குறைந்த மீனை மீண்டும் நீரில் விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வீசக் கூடாத காலம்

இக்கட்டுரையில் நாம் மிக வலியுறுத்த விரும்பும் பகுதி இதுவே.

மழை பெய்து புதுநீர் வந்ததும் விரால் இனம் பெருக்கும். செடிகளின் நடுவே சிறிது இடத்தைத் துப்புரவு செய்து முட்டையிடும். முட்டைகள் நீர்மட்டத்தில் மிதக்கும். குஞ்சு பொரிந்தபின், செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் பெருங்கூட்டமாகத் திரண்டு, நீரின் மேற்பரப்பு கொதிப்பதுபோல் துடித்துக்கொண்டு நகரும். அவற்றின் கீழே தாய் தந்தை மீன்கள் சில வாரங்கள் வரை காவலிருக்கும். அப்போது எது அருகில் வந்தாலும் அவை சீறிப் பாயும்.

இதனை அறிந்தவர்கள் குஞ்சுக் கூட்டத்தின் மேலேயே தூண்டிலை வீசுவதுண்டு. பசிக்காக அன்றி, பிள்ளைகளைக் காக்கவே காவல் மீன் அதனைக் கவ்வுகிறது. எவ்விதத் திறமையும் வேண்டாமல் பெரிய மீன் கிடைக்கும். ஆனால் காவல் போன மறுகணமே குறவையும், கெளுத்தியும், பிற விரால்களும், பறவைகளும் அக்குஞ்சுகளை முடித்துவிடும். ஒரு மீனைப் பிடித்தோம் என்று நினைக்கிறோம். அடுத்த ஆண்டின் விளைச்சலையே பிடித்துவிட்டோம் என்பது தெரிவதில்லை. விதைநெல்லை உண்பதற்கு ஒப்பான செயல் இது.

செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால், அவ்விடத்தை விட்டு விலகிச் செல்வதே முறை. குஞ்சுக் கூட்டங்கள் மிகுந்து காணும் வாரங்களில் விரால் தூண்டிலையே நிறுத்தி வைப்பது இன்னும் சிறப்பு.

ஊராட்சி கவனிக்க வேண்டியவை

ஊர் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை எல்லோருக்கும் பொது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. மீன்பாசிக் குத்தகை விடப்பட்ட ஏரியில் அந்த உரிமை குத்தகைதாரருடையது. அவர் அனுமதியின்றித் தூண்டில் வீசுவது முறையன்று. பொதுவாக 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பிலும், அதற்கு மேற்பட்டவை அரசின் நீர்வளத் துறையிடமும் உள்ளன. உங்கள் ஏரி எதனைச் சேர்ந்தது, குத்தகை யாரிடம் உள்ளது என்பதை முதலில் அறிந்துகொள்க. பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரிகளில் இத்தொழிலுக்கு இடமே இல்லை.

கெண்டைக் குஞ்சு விட்ட குத்தகைதாரருக்கு விரால் ஒரு வகையில் இடையூறு. மறுவகையில் விலையுயர்ந்த வரவு. ஆதலால் இருவருக்கும் பொருந்தும் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ள இடமுண்டு. பிடித்த விராலைக் கரையிலேயே எடை போட்டுப் பங்கிடுவது அல்லது ஒரு சிறு கட்டணம் வைப்பது என, ஊருக்கு ஏற்றதைப் பேசி எழுதிக்கொள்ளலாம்.

படித்துறையிலும், பெண்கள் துணி துவைக்கும் இடத்திலும், கால்நடை நீர் அருந்தும் துறையிலும் தூண்டில் வீசலாகாது என்று தீர்மானிப்பது நல்லது. அறுந்த முள் ஒரு பசுவின் வாயில் தைத்தால், ஏழைக் குடும்பத்திற்கு எவ்வளவு நஷ்டம்! அறுந்த நைலான் நரம்பைக் கரையில் எறிவதும் கூடாது. பறவைகளின் காலில் சுற்றி அவற்றைக் கொல்லும்.

வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. அத்தகைய செயலை முதலில் காண்பவர்கள் கரையில் பொறுமையோடு நிற்கும் தூண்டிற்காரர்களே. அவர்களை விரட்டுவதற்குப் பதிலாக ஏரியின் காவலர்களாக ஆக்கிக்கொள்வது அறிவுடைமை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. மழைக்கு முன்னர் கூடும் சபையில் இவ்விஷயத்தை ஒரு பொருளாக வைத்து முடிவு செய்வது தக்கது. வீடுகளில் மின்கலத்தை உடைத்துக் காரீயம் உருக்கும் வழக்கம் இருந்தால், அதனை நிறுத்துமாறு அதே சபையில் எடுத்துரைக்க வேண்டும். உருக்கப் பயன்பட்ட பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு ஒருபோதும் எடுக்கலாகாது. அவ்வீட்டுக் குழந்தைகளை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொல்லுதல் நலம்.

முடிவாக

நாம் தொடக்கத்தில் கூறிய ஊரில் வழக்கு எவ்வாறு முடிந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். அடுத்த கிராம சபையில் இரு தரப்பாரும் ஒரே பாயில் உட்கார்ந்தனர். பிடிக்கும் விராலில் பாதி குத்தகைதாரருக்கு என்றும், குஞ்சு காணும் காலத்தில் கோலைத் தொடுவதில்லை என்றும், படித்துறையிலிருந்து 50 முழத்திற்குள் வீசுவதில்லை என்றும் எழுதிக் கையொப்பமிட்டனர். தாளிக்கும் கரண்டி வீட்டைவிட்டு நீங்கியது. இளைஞர்கள் இப்பொழுது பற்றாசுக் கம்பியைச் சுற்றியே தூண்டில் செய்கின்றனர். முன்னையதைவிடச் சற்றுப் பருமனாக இருக்கிறது என்ற ஒரு குறை மட்டும் சொல்கின்றனர். வெள்ளீயம் காரீயத்தைவிட எடை குறைந்ததாதலால் அது இயல்பே. விரால் அதனைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

சென்ற மாதம் அந்தக் கரை வழியே சென்றோம். குத்தகைதாரரே ஒரு கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, “இந்தத் தகடு சுற்றுகிறதா பாருங்கள்” என்று நம்மிடம் காட்டினார். சுற்றத்தான் செய்தது. ஏரிக்குள், தாமரை இலைகளுக்கு அப்பால், செந்நிறமாக ஒரு கூட்டம் நகர்ந்தது. அவர் அதைக் கண்டதும் நூலைச் சுற்றிக்கொண்டு மறு கரைக்கு நடந்தார்.